கால் எடுத்த பிறகு: கட்டும் ஜெபமும்

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த மறுநாள், பார்க்க வருகிற சபையார் சொல்கிற முதல் வார்த்தை "நம்பிக்கையா இருங்க" என்பதுதான். சொல்கிறவர் மனசு நல்லதுதான், வரிசைதான் தப்பு. ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் போட்ட வரிசையைப் பாருங்கள்: உபத்திரவம் பொறுமையைத் தரும், பொறுமை பரீட்சையைத் தரும், பரீட்சை நம்பிக்கையைத் தரும். நம்பிக்கை நான்காவதாகத்தான் வருகிறது. முதல் வாரத்திலேயே அதைக் கேட்டால், கட்டிலில் கிடப்பவர் வந்தவர்களுக்காக நடிக்க வேண்டியதாகிவிடும்.

பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருப்பது, கத்தோலிக்கர் கையில் உள்ள 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கும். எதிர்நோக்கு என்ற சொல் டெல்டாக்காரருக்குச் சட்டென்று பிடிபடும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். அதுவரை அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, வாய்க்காலைச் செதுக்கி மடையைச் சரிபார்த்து வைப்பார்கள். கால் எடுத்த முதல் சில மாதமும் அந்த மாதிரி வேலைக்கான காலம்.

கட்டு மாற்றும் நேரமே ஜெப நேரம்

மீதிக்காலை (ஆஸ்பத்திரியில் 'ஸ்டம்ப்' என்பார்கள்) கிரேப் பேண்டேஜ் (இழுத்தால் நீளும் கட்டுத்துணி) போட்டுக் கட்டச் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக, முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால் 4 அங்குல அகலம், தொடையில் எடுத்திருந்தால் 6 அங்குலம். வளையல் அடுக்குவது போல வட்டமாகச் சுற்றக் கூடாது. அப்படிச் சுற்றினால் மேலே இறுகி, நுனி பந்து மாதிரி வீங்கிவிடும். அந்த உருவத்தோடு செயற்கைக் காலின் சாக்கெட்டுக்குள் (மீதிக்காலை நுழைக்கும் கூடு) நுழையவே முடியாது. எட்டு போடுவது போலக் குறுக்குக் குறுக்காக ஏற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. முடிவில் ஊக்கோ கொக்கியோ வேண்டாம், ஒட்டும் டேப் போதும். சர்க்கரைக்காரருக்கு ஊக்கு குத்தினால்கூடத் தெரியாது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டுங்கள். நடுவில் விண்விண் என்று தெறித்தாலோ, மரத்துப்போனாலோ, தோல் நிறம் மாறினாலோ நேரம் பார்க்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

ஆக, ஒரு நாளைக்கு நாலைந்து முறை கட்டு அவிழும். ஜெபத்துக்கென்று தனி நேரம் ஒதுக்க இந்த நாட்களில் முடியாது. வலி இருக்கும், மாத்திரை மயக்கம் இருக்கும், வீடு நிறைய ஆள் இருக்கும். கட்டு மாற்றும் அந்தப் பத்து நிமிடத்தோடு ஜெபத்தை முடிச்சுப் போட்டுவிடுங்கள். அவிழ்த்ததும் முதல் வேலை, பார்ப்பது. காலை இழந்தவரும் கட்டுப் போடுகிற மனைவியோ மகனோ இருவருமே முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். திருப்பாமல் பாருங்கள். அடிப்புறம் தெரிய ஒரு கைக்கண்ணாடி வேண்டும். சிவப்பு, கொப்புளம், நீர்க்கசிவு, நாற்றம் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புண் முழுக்க ஆறிய பிறகு தொட்டுப் பழக வேண்டும். முதலில் பஞ்சு, சில நாள் கழித்து மெல்லிய துணி, பிறகு துண்டு என்று ஐந்தைந்து நிமிடம் வருடிக்கொடுத்தால் தொட்டாலே கூசுவது குறையும். அடுத்தவர் தலையில் கை வைத்து ஜெபிக்கும் பழக்கம் நம் சபைகளில் உண்டு. இங்கே அவரவர் உள்ளங்கையை அவரவர் மீதிக்காலின் மேல் வைத்து ஜெபிப்பது. சிகிச்சையும் அதுதான்.

என்ன ஜெபிப்பது? நன்றி சொல்லியே ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. 13-ஆம் சங்கீதத்தை (திருப்பாடல்) எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம், ஒரு கட்டு சுற்றி முடிப்பதற்குள் வாசித்துவிடலாம். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நான்கு தடவை கேட்டுவிட்டு, என்ன வேண்டும் என்று சொல்லி, கடைசியில்தான் அது கிருபையின் பக்கம் திரும்புகிறது. அந்தக் கடைசித் திருப்பம் இன்றைக்கு வாயில் வரவில்லையா, நாலாம் வசனத்தோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் திரும்பாமலே இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

தலையணை வேண்டாம்

வீட்டுப் பெரியவர்கள் பாசத்தில் செய்கிற தவறு இது. முழங்காலுக்குக் கீழே மெத்தென்று தலையணை வைத்துவிடுவார்கள். சில வாரத்தில் முழங்கால் மடிந்தபடியே இறுகிப்போகும், பிறகு செயற்கைக் கால் போட்டாலும் நிமிர்ந்து நிற்க வராது. டாக்டர் தடுக்காவிட்டால் தினம் இரண்டு மூன்று முறை, 20 நிமிடம் குப்புறப் படுப்பது நல்லது. தொடையில் எடுத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இரவில் இன்னொரு ஆபத்து. தூக்கக் கலக்கத்தில், இல்லாத காலை ஊன்றி எழுந்து விழுவது. இப்படி விழுந்தால் தையல் பிரிந்துவிடலாம். வாக்கரையோ நாற்காலியையோ இறங்குகிற பக்கத்தில், கை தட்டுப்படும்படி வையுங்கள். ஊன்றுகோலின் உயரம், அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு. பாரம் உள்ளங்கையில்தான் இருக்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல் முதலில். ஆற்றுப் படித்துறைக்கும் மழைக்கால வரப்புக்கும் இப்போதைக்கு ஒரு கும்பிடு.

இல்லாத கால் வலிப்பது

பேய் அல்ல, மனப்பிரமை அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் போகவில்லை, அறுபட்ட நரம்பும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். பீரோக் கண்ணாடி அளவில் ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவே, அதன் முகப்பு நல்ல கால் பக்கம் பார்க்க நிறுத்துங்கள். மீதிக்கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைய வேண்டும். நல்ல பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டியபடி கண்ணாடியையே பாருங்கள். தினம் 15 நிமிடம், சில வாரம். எல்லோருக்கும் கேட்காது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகள் உண்டு, டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்பினால் நீண்ட ஜெபம் வராது. மூச்சை இழுக்கும்போது "இயேசுவே", விடும்போது "இரங்கும்". அவ்வளவு போதும்.

வருகிறவர்களுக்கு என்ன பதில்

"என்ன பாவமோ" என்று ஒருவராவது கேட்பார். யோவான் 9-இல் சீஷர்கள் கேட்டதும் அதே கேள்விதான். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு அதை அங்கேயே மறுத்துவிட்டார். காரணம் தெரிய வேண்டுமென்றால் மருத்துவக் காரணம் இருக்கும்: சர்க்கரை, அடைபட்ட ரத்தக்குழாய், பைக் விபத்து, கதிரடிக்கும் எந்திரம். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

"விசுவாசிச்சா கால் முளைக்கும், மேடைக்கு வாங்க" என்பவரிடம் வாதாடிச் சக்தியை வீணாக்க வேண்டாம். "ஐயா, ஜெபிக்கிறதுக்கு ஸ்தோத்திரம். எனக்கு ராத்திரி தூக்கம் வரணும், புண் ஆறணும். அதுக்கு ஜெபிங்க" என்றால் பேச்சு தரைக்கு வந்துவிடும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பவுல் தன்னை வருத்திய முள் போன்ற வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் உடம்பிலும் ஆணித் தழும்பு இருந்தது, தோமாவிடம் அவரே காட்டினார்.

உபவாச ஜெபத்திலிருந்தும் இப்போது விலகியிருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். புண் ஆறப் புரதமும் வேண்டும். முட்டை, பருப்பு, விரால் கிடைத்தால் விரால். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

அழுகை வரட்டும், அது துக்கம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல், செத்தால் தேவலை என்ற பேச்சு வந்தால் ஜெபத்தோடு நிறுத்தக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழில் பேசலாம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் கூடவே இருங்கள்.

கோயிலுக்குத் திரும்புவது

முதல் ஞாயிறு கூட்டம் நிறைந்த ஆராதனைக்குப் போகாமல், வார நாளில் காலியாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசல் படி எத்தனை, தரை வழுக்குகிறதா, ஊன்றுகோலை எங்கே படுக்க வைப்பது என்று தெரிந்துவிடும். பாயில் உட்கார வேண்டாம், ஓரத்து நாற்காலி கேளுங்கள். எல்லோரும் முழந்தாளிடும்போது உட்கார்ந்திருப்பதில் குற்றமில்லை. நற்கருணையை இருக்கைக்கே கொண்டுவரும்படி குருவிடமோ ஆயரிடமோ முதல் நாளே சொல்லி வையுங்கள்.

செருப்பைக் கழற்றுவதில்தான் கவனம் தேவை. சர்க்கரையால் ஒரு கால் போனவருக்கு அடுத்த காலும் ஆபத்தில் இருக்கிறது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சின்னக் கல் குத்தினாலும் தெரியாது. கோயிலுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, காரணத்தை ஒருமுறை சொல்லிவிடுங்கள். மோசேயைச் செருப்பைக் கழற்றச் சொன்னவருக்கு உங்கள் பாதத்தின் நிலைமை தெரியும்.

வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், மணல் பாதையில் முழந்தாளில் வருகிறேன் என்று முன்பே நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. மோர் விற்ற கால் ஊனமான சிறுவனுக்குக் கால் வந்தது என்ற மரபு அங்கே இருப்பதால் இந்த நேர்ச்சை இன்னும் மனதைப் பிடித்து இழுக்கும். சாக்கெட்டுக்குள் மணல் போனால் தோல் உரியும், வெயிலில் காய்ந்த மணல் உணர்ச்சியற்ற பாதத்தைச் சுட்டுவிடும். தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவரிடம் போய்ச் சொன்னால் உங்களால் செய்யக்கூடிய ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். போவதானால் காலை ஏழு மணிக்குள் வண்டியில் வாசல் வரை போய் இறங்குங்கள். மாற்ற இரண்டு காலுறை, ஒரு துண்டு, கைக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் முன் செயற்கைக் காலைக் கழற்றி மீதிக்காலைப் பாருங்கள். பதிந்த சிவப்புத் தடம் 10, 15 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு மறுபடி மாட்டாமல், செயற்கைக் கால் செய்து கொடுத்தவரிடம் காட்டி சாக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும்.