ஓர் இரவின் எண்ணை நம்பாதீர்கள்: க்யூபிட் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டைச் சிப்பில் செய்து அளப்பது எங்கள் வேலை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், க்யூபிட் ஆற்றலைத் தக்கவைக்கும் நேரமான டி1-ஐ அளந்து, திரையில் வந்த வளைவைக் காட்டி, "டி1 92 மைக்ரோ விநாடி வந்திருக்கிறது சார், புது சிப் ஜெயித்துவிட்டது" என்றார். எத்தனை முறை அளந்தீர்கள் என்று கேட்டேன். ஒரு முறைதான். சுருக்கென்றது. இதே தவற்றால் ஐந்து மாதங்களை இழந்தவன் நான்.

கோப்பைச் சேமிக்க மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை பட்டால் அவை தாமே திருந்திவிடும்.

ஒரே அளவீட்டை வைத்து முடிவெடுப்பது

கிளர்ந்த நிலைக்கு ஏற்றிய க்யூபிட் எவ்வளவு நேரத்தில் ஆற்றலை இழந்து கீழிறங்குகிறது என்பதைச் சொல்வது டி1. மீக்கடத்தி க்யூபிட்டில் அது ஓரிடத்தில் நிற்கும் எண் அல்ல. சிப்பின் மேற்பரப்பிலும், இரு மீக்கடத்திகள் சேரும் சந்தியின் ஆக்சைடு படலத்திலும் அணு அளவிலான குறைபாடுகள் பதுங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையே தாவக்கூடியது. அதன் அதிர்வெண்ணோ நேரம் செல்லச் செல்ல நகரும். க்யூபிட்டின் அதிர்வெண்ணோடு அது ஒத்துப்போகும் வேளையில் ஆற்றலை உறிஞ்சிவிடும், டி1 சரியும். விலகியதும் மறுபடி ஏறும். காலையில் 90 காட்டிய க்யூபிட் மாலையில் 40 காட்டினால் திடுக்கிட வேண்டாம்.

மின்தேக்கித் தட்டுகளின் இடைவெளியை அகலமாக்கி ஒரு சிப் செய்திருந்தேன். முதல் இரவே பழைய சிப்பைப் போல இரு மடங்கு டி1. மறுநாளே அடுத்த மூன்று வடிவங்களையும் அதே இடைவெளியில் வரைந்தேன். தூய அறையில் தயாரிப்பு, கம்பி இணைப்பு, குளிர்விப்பு என்று ஐந்து மாதம் ஓடியது. வந்த சிப்புகள் பழையதைவிடத் துளியும் மேலாக இல்லை. பிறகுதான் பழைய சிப்பை இரவு முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். நான் கொண்டாடிய எண்ணை அதுவும் மூன்று முறை தொட்டுவிட்டு இறங்கியது.

ஆகவேதான் 'அதிகபட்ச டி1' என்ற ஒற்றை எண்ணைப் பெரிய எழுத்தில் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. இடைநிலை மதிப்பு எங்கே? பரவல் எங்கே? எத்தனை மணி நேரம் அளந்தார்கள்? அந்த எண்ணை நம்பி வேறெங்கோ ஒரு மாணவர் தன் ஓராண்டு உழைப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு வடிவங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே குளிர்விப்பில், பல க்யூபிட்களில், இரண்டையும் மாறி மாறி அளவெடுங்கள். ஒரு முழு இரவாவது ஓடட்டும். அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து திரும்பக் குளிர்வித்தால் குறைபாடுகளின் அமைப்பே மாறிவிடும். சென்ற மாத எண்ணை இந்த மாத எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

மாணவி அன்றிரவே அளவீட்டை ஓடவிட்டுப் போனார். காலையில் இடைநிலை மதிப்பு 58.

தட்டின் வெப்பநிலையைக் க்யூபிட்டின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்வது

ஃப்ரிட்ஜுக்குள் சிப் பொருத்தப்பட்டிருக்கும் கடைசித் தட்டில் உள்ள வெப்பமானி 10 மில்லிகெல்வின் காட்டலாம். க்யூபிட்டுக்கு வரும் கேபிளோ அறையிலிருந்து இறங்குகிறது. 300 கெல்வினில், 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அந்தக் கேபிளில் சுமார் 1,250 வெப்ப ஃபோட்டான்கள் இருக்கும். 4 கெல்வின், 100 மில்லிகெல்வின், கடைசித் தட்டு ஆகிய மூன்று இடங்களிலும் 20 டெசிபல் அட்டென்யூவேட்டர் (வருவதை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் கருவி) வைத்தால் ஒரு ஃபோட்டானில் ஆயிரத்தில் சில பங்குதான் மிஞ்சும். கடைசியை விட்டுவிட்டால் மிச்சம் 0.1 ஃபோட்டானைத் தாண்டும். வெப்பமானி அதைச் சொல்லாது.

டி2, டி1-இன் இரு மடங்கைத் தாண்டினால்

க்யூபிட்டின் குவாண்டம் நிலை குலையாமல் நிற்கும் நேரம் டி2; அது டி1-இன் இரு மடங்கைத் தாண்ட முடியாது. தாண்டியதாகத் தெரிந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல. இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் அளந்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஃப்ரிட்ஜை மூடும் முன்

ஒவ்வொரு கேபிளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். துண்டிப்பைக் குளிர்ந்த பிறகு கண்டால் சூடாக்கிக் குளிர்விப்பதற்குள் பல நாட்கள் போய்விடும்.