ஏப்ரன் கதவு: பாஸ் இருந்தும் ஓட்டை விழும் இடங்கள்

ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்), பெட்டிகள் பிரிக்கும் கூடம், சரக்குப் பகுதி. இந்திய விமான நிலையங்களில் இங்கெல்லாம் வேலை செய்ய ஏ.இ.பி. எனும் நுழைவு அட்டை வேண்டும். விதி, விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பிசிஏஎஸ் உடையது. பெரிய நிலையங்களில் வாசலில் நிற்பது சிஐஎஸ்எஃப் எனும் மத்தியப் பாதுகாப்புப் படை. பின்னணி விசாரணை இல்லாமல் நிரந்தர அட்டை கிடைக்காது. இவ்வளவு இறுக்கம் இருந்தும் கோட்டை விடுவது பெரும்பாலும் கதவடியில்தான்.

காவலில் நிற்பவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: முகமும் படமும் ஒன்றா, அட்டை காலாவதியா, அதில் அச்சிட்ட எழுத்துகளில் இந்தப் பகுதிக்கு உரியது உண்டா. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வருகைக் கூடத்துக்கு மட்டும் அனுமதி உள்ளவர் தினமும் பார்க்கிற முகம் என்பதாலேயே ஏப்ரனுக்குள் போய்விடுவார். அட்டை நெஞ்சுக்கு நேராக, படம் வெளியே தெரியத் தொங்க வேண்டும்.

அடுத்து பூட்டு. காந்தப் பூட்டில் 540 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். கதவிலுள்ள இரும்புத் தகடு காந்தத்தின் மேல் முழுசாக ஒட்டினால்தான் அந்தக் கணக்கு. தகட்டின் நடுப் போல்ட்டில் ரப்பர் வாஷர் இருக்கும். தகடு லேசாக ஆடி, தானே படிய வேண்டும் என்பதற்காக. ஆடுகிறதே என்று போல்ட்டை முறுக்கிவிட்டால் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். காகிதத் தடிமன் இடைவெளியே பிடியைப் பெருமளவு குறைத்துவிடும். அந்த முகப்பில் பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஏசி காற்றின் அழுத்தத்தில் கதவு கடைசி ஒரு விரல் அளவு மூடாமல் நின்றால், பூட்டைக் குறை சொல்லாமல் கதவைத் தானாக மூடும் டோர் குளோசரின் கடைசி வேகத் திருகைச் சரிசெய்யுங்கள்.

ஒருவர் அட்டையைக் காட்ட, பின்னாலேயே இன்னொருவர் நுழைவதுதான் தீராத தொல்லை. மேலதிகாரியானாலும் ஆளுக்கொரு முறை காட்டியாக வேண்டும். கதவு திறந்தே கிடந்தால் அலறும் அலாரத்துக்கு ஆள் மட்டும் போகும் கதவில் 20 வினாடி போதும். டிராலி போகும் கதவுக்கு அதையே வைத்தால் நாள் முழுக்க அலறும், பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதவுக்கு அடியில் அட்டைப் பெட்டித் துண்டைச் செருகி வைத்திருந்தால், எடுத்துப் போடுவதோடு விடாமல் ஏன் செருகினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அட்டையைப் படிக்கும் ரீடர் ரிப்பேராக இருக்கும்.

வேலையை விட்டவரின் அட்டையை அன்றே வாங்கி, கணினியிலும் முடக்குங்கள். 1987 டிசம்பர் 7 அன்று கலிபோர்னியாவில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு விமான நிறுவன ஊழியர் திருப்பித் தராத அடையாள அட்டையால் சோதனையைத் தவிர்த்து, துப்பாக்கியோடு பிஎஸ்ஏ 1771 விமானத்தில் ஏறினார். விமானம் விழுந்து, அதிலிருந்த 43 பேரும் இறந்தனர். அட்டை தொலைந்தாலும் முதலில் முடக்கம், மற்ற பேப்பர் வேலை பிறகு.

ஒப்பந்த வேலையாட்கள் தற்காலிக அட்டையோடு வந்தால் நிரந்தர அட்டை உள்ளவர் கூடவே இருக்க வேண்டும். கட்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் எண்ணி எழுதி உள்ளே விட்டு, எண்ணி வெளியே விட வேண்டும்.

தீ அலாரம் அடித்தால் காந்தப் பூட்டு தானாக விட்டுவிடும். ஆள் தப்பிக்க அது அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கதவுக்கு யார் ஓடுவது என்பதை ஒவ்வொரு ஷிப்டிலும் பெயர் போட்டு எழுதி வையுங்கள்.