பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வீர்களா?

தரம் 3, 4 பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கக் கணினி அறை திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கட்டுத் துண்டுக் காகிதம் போதும்.

ஒவ்வொன்றிலும் ஒரு விடயம் எழுதுங்கள்: பிடித்த நிறம், வீட்டு இலக்கம், பாடசாலையின் பெயர், அம்மாவின் ஃபோன் நம்பர், சீருடையில் எடுத்த படம், ஃபோனுக்கு வரும் ஓடிபி. பிள்ளை ஒன்றை எடுக்கட்டும். "காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் தெரியாதவரிடம் இதைச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள்.

சீருடைப் படத்தில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். அங்கே அவசரப்படாதீர்கள். பெட்ஜைப் பார்த்தாலே எந்தப் பாடசாலை என்று தெரிந்துவிடும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நாம் சொல்வதைவிட அது மனதில் நிற்கும். அப்புறம் கேம் சாட்டில் பேசுபவரும் அந்தப் பஸ் பயணி போலத்தான் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

கடவுச்சொல்லுக்குத் தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்க்கப் பழக்குங்கள். பிறந்த திகதி வேண்டாம்.

யாராவது பயமுறுத்தினால் மெசேஜை அழிக்காமல் பெரியவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஏச மாட்டோம் என்று முதலே வாக்குக் கொடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவித் தொலைபேசி இலக்கமான 1929ஐக் கொப்பியின் பின்அட்டையில் எழுத வையுங்கள்.