கற்பனைச் செடிக்குப் பரிணாமம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் கடல் உள்ளே ஏறிவிட்ட ஒரு காலம். அதில் நெல்லின் வழி வந்த ஒரு புல். பெயர் ‘உவர்ச்சம்பா’ என்று வைத்துக்கொள்வோம். பலரும் முதலில் நீல இலை, ஒளிரும் கதிர் என்று உருவத்தை வரைந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே எழுத வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் புல் எந்த மாதத்தில், எதனால் சாகிறது?

“உப்பைத் தாங்க இலையை மாற்றிக்கொண்டது” என்று எழுதவே கூடாது. செடி எதையும் தீர்மானிப்பதில்லை. நாற்றுக்கு நாற்று சிறு வேறுபாடு ஏற்கெனவே இருக்கும். உப்பு சிலவற்றைக் கொல்லும், தப்பியவை விதை போடும். நெல் வயலில் முளைக்கும் குதிரைவாலிப் புல்லைப் பாருங்கள். நெல்லில் இலை தண்டைவிட்டு விரியும் இடத்தில் மெல்லிய சவ்வு நாக்கு இருக்கும், இதில் இருக்காது. மற்றபடி இளம்பயிரில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறாகத் தெரிந்ததையெல்லாம் களையெடுக்கும் கை தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கிப் போட்டது. நெல்லாகத் தெரிந்தது பிழைத்தது. ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவ் பெயரால் அறியப்படும் போலித்தோற்றம் இதுதான். உங்கள் செடியைப் பிடுங்கும் கை எது என்று முதலில் சொல்லுங்கள்.

உப்பை ஆண்டு முழுக்க ஒரே அளவாக வைப்பதும் தவறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிமுக நீரில் உப்பு அதைவிட வெகுவாகக் குறையும். சித்திரை, வைகாசியில் உப்பு ஏறும். எனவே ஐப்பசியில் முளைத்து மாசிக்குள் விதை முற்றட்டும்.

எல்லாத் திறமையையும் ஒரே செடிக்குக் கொடுத்துவிடுவதுதான் மிகப் பெரிய பிழை. முத்துப்பேட்டை அலையாத்தி மரம் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. காய்ந்த நாளில் இலையைத் தடவினால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். பிச்சாவரத்துச் சுரபுன்னை மரம் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. எந்த வழியானாலும் செலவு உண்டு. உவர்ச்சம்பாவுக்குச் சுரப்பி கொடுத்தால் மணியைச் சிறிதாக்குங்கள். நன்னீர் வயலில் அது சாதா நெல்லிடம் தோற்கட்டும்.

கால அளவிலும் கவனம் வேண்டும். ஆண்டுக்கொருமுறை விதைக்கும் புல்லுக்கு 1000 ஆண்டுகள் என்பது 1000 தலைமுறை. 20 வயதில் காய்க்கும் மரத்துக்கு வெறும் 50.

கடைசியாக, பக்கத்து வயல் மகரந்தத்தை மறந்துவிடாதீர்கள். கலப்பு தொடர்ந்தால் தனி இனம் பிரிவது கடினம். நெல் பெரும்பாலும் முற்பகலில் பூக்கும், அதன் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடிருக்கும். உவர்ச்சம்பா பூ விரியும் நேரத்தை அந்திக்குத் தள்ளினாலே கலப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.