கீமோ நாட்களில் மலச்சிக்கல்: முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியவை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ ஏற்றி ஐந்தாம் நாள். தட்டில் வைத்த இட்லியைப் பிட்டுப் பிட்டு ஓரமாகவே ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் துருவிக் கேட்ட பிறகுதான், "நாலு நாளா மோஷன் போகலடி" என்றார், குரலைத் தாழ்த்தி. வாந்தி வந்தால் உடனே சொல்கிறவர், இதைச் சொல்ல அவ்வளவு கூச்சப்பட்டார். அதனால் உடனிருந்து பார்த்துக்கொள்கிறவர்களே தினமும் கேட்டுவிடுங்கள்.

மருந்துகளாலேயே இது வரும். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை குடலின் அசைவைக் குறைக்கும். வலிக்குத் தரும் மார்ஃபின், டிரமடால் அதைவிட அதிகமாகக் குறைக்கும். வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் குடல் நரம்புகளையே பாதிக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு இறுக்கிவிடும். போதாததற்குச் சாப்பாடும் தண்ணீரும் நடமாட்டமும் குறைந்துபோகின்றன.

படி 1: ஒரு நோட்டு போடுங்கள்

தேதி, மலம் போனதா, கட்டியா இளகலா, குடித்த தண்ணீர், புதிதாகச் சேர்ந்த மாத்திரை. இவ்வளவு போதும். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக வந்தால், தினமும் போனாலும் அது மலச்சிக்கல்தான்.

படி 2: தண்ணீர்

நாளுக்குச் சுமார் 2 லிட்டர். இதய, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரேயடியாகக் குடித்தால் குமட்டும். நான் அரை டம்ளராக ஊற்றி, மணிக்கு ஒருமுறை கையில் கொடுத்தேன். ரசம், மோர், இளநீர், கஞ்சி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

படி 3: சாப்பாடு

முதலில் ஒரு எச்சரிக்கை. குடல் அடைப்பு இருப்பவர்கள், சமீபத்தில் குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள், வயிற்றிலோ இடுப்பிலோ கதிர்வீச்சு பெறுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்டக் கூடாது.

மற்றவர்களும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கீரை, பயறு, பழம் என்று அடுக்கினால் வாயு சேர்ந்து வயிறு உப்பிக்கொள்ளும். நாங்கள் உலர் திராட்சையில் தொடங்கினோம். நன்றாகக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய நீரில் பத்துப் பன்னிரண்டு பழத்தை மூடி போட்டு ஊறவைப்பேன். காலையில் பார்த்தால் உப்பிக் குண்டாக இருக்கும். அதை மசித்து, ஊறிய நீரோடு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மதியத்துக்கு வாழைத்தண்டு பாசிப்பருப்புக் கூட்டு, அப்புறம் குழைய வெந்த கீரை, அவரைக்காய்ப் பொரியல். சாயங்காலம் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வாய்ப்புண் இருந்த நாட்களில் எல்லாவற்றையும் மசித்துவிட்டேன். பப்பாளி, கொய்யா நல்லவை; கழுவி, தோல் சீவி, உடனே சாப்பிட வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது பச்சைக் காய்கறி, கடையில் நறுக்கி வைத்த பழம் வேண்டாம்.

மார்ஃபின் எடுப்பவர்களுக்கு இசப்கோல் போன்ற நார்ப்பொடி ஒத்துவராது. தள்ள வலுவில்லாத குடலில் அது கட்டியாகத் தங்கிவிடலாம்.

படி 4: உடம்பை அசையுங்கள்

சாப்பிட்டபின் பத்து நிமிடம், வாசலிலிருந்து சமையலறை வரை நடந்தாலே போதும். தலை சுற்றினால் யாராவது ஒருவர் கைபிடித்துக் கூடவே நடக்கட்டும். எழ முடியாத நாளில், மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக வயிற்றை நோக்கி இழுத்து, ஐந்து எண்ணி விடலாம். எலும்பில் நோய் பரவியிருந்தால் எந்தப் பயிற்சிக்கும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: நேரமும் உட்காரும் விதமும்

சாப்பாடு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும்; காலையில் இது நன்றாக வேலை செய்யும். அதனால் சூடாக ஏதாவது குடித்து, டிபன் முடித்து, அரை மணி நேரத்துக்குள் போய் உட்காரச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலி. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, உடம்பு சற்று முன்னால் சாய வேண்டும். முக்கவே கூடாது. பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடலாம்.

மாத்திரையும் எச்சரிக்கையும்

உணவும் நடையும் எல்லோருக்கும் போதாது, குறிப்பாக மார்ஃபின் எடுப்பவர்களுக்கு. அவர்களுக்கு மலமிளக்கியை வலி மருந்தோடு சேர்த்தே தொடங்குவதுதான் வழக்கம். எழுதித் தரவில்லை என்றால் கேளுங்கள். நாட்டு மருந்துக் கடை நிலாவரைப் பொடி, விளக்கெண்ணெய் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆசனவாயில் வைக்கும் மருந்தும் எனிமாவும் அப்படித்தான்: ரத்த அணுக்கள் குறைந்த உடம்பில் சிறு கீறல்கூடத் தொற்றாகவோ ரத்தக்கசிவாகவோ மாறும்.

மூன்று நாள் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வயிறு வீங்கி, சுருட்டிப் பிடித்து வலித்து, வாந்தியும் வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் மலமிளக்கி கொடுக்காமல் உடனே கிளம்புங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பல நாள் இறுகியிருந்து திடீரெனத் தண்ணீராகப் போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி நீர் மட்டும் கசியலாம்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது நோட்டையும் பையில் வையுங்கள். அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர், மூன்றாவது கீமோ ஏற்றிய அன்று இரவே மலமிளக்கியைத் தொடங்கச் சொன்னார்.