மார்ச் கடைசி வெயிலை நம்பிச் சப்பாத்தை மாற்றாதீர்கள்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அடுத்த கிழமைக்கான வானிலையைப் போனில் திறந்து பார்த்தால் வரிசையாகச் சூரியன் படம் போட்டிருக்கும். 6 பாகை, 8 பாகை, வெள்ளிக்கிழமை 11. மூன்று நாலு மாதம் குளிரில் அடைபட்டுக் கிடந்தவருக்கு அதைப் பார்த்ததும் ஊருக்குக் கோல் எடுத்து "அம்மா, குளிர் முடிஞ்சுது" என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து பொறுங்கள். இந்த ஊரில் குளிர்காலத்தில் விழாமல் தப்பி வந்தவர்கள் வசந்தத்தில் விழுந்ததைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன்.

சின் நம்பர், ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. வானிலைக்கு ஒரே ஒரு வேலை: அரசாங்கத்தின் என்வயர்ன்மென்ட் கனடா வெளியிடும் 'வெதர்கேன்' செயலியை இறக்கி, எச்சரிக்கைகளை ஓன் பண்ணி வையுங்கள். காசு இல்லை. எச்சரிக்கைகளை இப்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்துத் தருகிறார்கள், விளங்கிக்கொள்வது சுகம். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண் இருக்கும். பெரிதாகத் தெரிவது பகலில் ஏறக்கூடிய உச்சம். பின்னேரம் ஒரு கொஞ்ச நேரம் அந்த அளவுக்குப் போகும், பிறகு இறங்கிவிடும். கீழே சின்னதாக, மங்கலாக இருப்பது இரவின் தாழ்வு. நாங்கள் ஊரில் இரவு எண்ணைப் பார்த்துப் பழகவே இல்லை. யாழ்ப்பாணத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையில் அப்படி என்ன பெரிய வித்தியாசம், வாடை தொடங்கினால் ஒரு போர்வை, அவ்வளவுதானே. இங்கே மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பகல் 7 பாகை, இரவு மைனஸ் 4 என்பது மிகச் சாதாரணம். பகலில் கரைந்த தண்ணீர் எல்லாம் இரவில் திரும்ப இறுகும். அதுவும் இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலை நடுச்சாமத்தில் வராது, சூரியன் உதிக்கிற நேரத்தை ஒட்டித்தான் வரும். வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் அது.

இன்னொன்றும் சேர்கிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள். அதுவரை விடியத் தொடங்கியிருந்த காலை ஆறரை மணி திரும்பவும் இருட்டாகிவிடும். மார்ச் கடைசியில் ரொறன்ரோவில் ஏழு மணி தாண்டித்தான் சூரியன் வரும். ஆக, நிலம் ஆக மோசமாக வழுக்குகிற நேரமும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரமும் ஒன்றாக வருகின்றன.

என் நண்பனுக்கு நடந்தது இதுதான். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தான், எங்களில் பாதிப் பேர் தொடங்குகிற இடம். பேஸ்மென்டுக்கு வாசல் முன்பக்கம் இல்லை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான பாதையால் போய், சீமெந்துப் படியில் இறங்க வேண்டும். வெயில் படாத பக்கம். அந்தப் பாதையில்தான் கூரைத் தண்ணீர்க் குழாயின் வாய் திறந்திருந்தது. முன்பு இந்தக் குழாய்கள் நேராக நிலத்தடி வடிகாலுக்குள் போகும். பெருமழையில் வடிகால் நிரம்பி வழிகிறது, வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று ரொறன்ரோ நகரசபை அவற்றைத் துண்டிக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் குழாயின் வாயைப் புல்தரைப் பக்கம் திருப்பாமல் நடைபாதையிலேயே விட்டுவைத்தால், கூரையில் கிடக்கும் ஸ்னோ பகல் வெயிலில் கரைந்து, பாதைக்குக் குறுக்கே ஓடி, படியில் வழிந்து, இரவில் அப்படியே கண்ணாடித் தகடு மாதிரி இறுகும். வெள்ளையாக இருக்காது. நனைந்த சீமெந்து என்றுதான் நினைப்பீர்கள்.

முதல் நாள் பகல் 9 பாகை. குளிர்ச் சப்பாத்தைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, விடியப்புறம் சாதாரணச் சப்பாத்தோடு வெளிக்கிட்டிருக்கிறான். இரண்டாவது படியில் கால் போனது, கையை ஊன்றினான், மணிக்கட்டு முறிந்தது. ஏஜென்சி மூலம் தொழிற்சாலையில் வேலை, போனால்தான் சம்பளம். வலக்கையில் மாவுக்கட்டுப் போட்டவனை யார் கூப்பிடுவார்கள்? கடனைக் கட்டவும் வீட்டுக்கு அனுப்பவும் காசு வேண்டும், அவன் அறைக்குள் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் எங்கே என்றால், அவன் ஒரு கிழமைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான். "அண்ணை, படி வழுக்குது." "வெயில் வந்தா கரைஞ்சிடும் தம்பி." ஊர்க்காரர், தெரிந்தவர், வாடகையும் கொஞ்சம் குறைத்துத் தந்தவர் என்று அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அந்தக் கூச்சத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒன்ராறியோவில் வாடகை வீட்டு வளவுக்குள் இருக்கும் பொதுப் பாதையிலும் படியிலும் ஆபத்தான ஐஸ், ஸ்னோ இல்லாமல் பார்ப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் "ஸ்னோ அள்ளுவது வாடகைக்காரர்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு கைமாறிவிடாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. வாயால் சொல்லாதீர்கள், படத்தோடு மெசேஜ் அனுப்புங்கள், திகதியோடு இருக்கும்.

விழுந்தே விட்டால் இதை ஞாபகம் வையுங்கள்: தனியார் இடத்தில் ஐஸில் விழுந்து காயப்பட்டால், இழப்பீடு கேட்க நினைப்பவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரி கடைசியிலிருந்து இதுதான் விதி. நகரசபையின் நடைபாதையில் விழுந்தால் வெறும் 10 நாள். நியாயமான காரணம் காட்டினால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. என் நண்பனுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவன் விசாரிக்கத் தொடங்கியபோது கெடு தாண்டிவிட்டது. ஒரு சட்ட ஆலோசகரிடம் உடனே பேசுங்கள், எங்கள் மொழி கதைப்பவர்கள் இந்த நகரத்தில் தாராளமாக இருக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? படுக்கப் போகுமுன் அந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள். பூச்சியத்துக்குக் கீழே என்றால் இரவே படியிலும் குழாய் வாயடியிலும் உப்புப் போடுங்கள், காலையில் போட்டால் அது வேலை செய்ய நேரம் எடுக்கும். வசந்தகாலக் குளிருக்குச் சாதாரணக் கல்லுப்பே போதும். ஒரு பை மிச்சம் பிடித்து வையுங்கள், ஏனென்றால் ஏப்ரல் பிறக்கப் பல கடைகளில் உப்பு அடுக்கிய இடத்தில் தோட்டத்து மண் பை வந்துவிடும். குளிர்ச் சப்பாத்து வாசலிலேயே இருக்கட்டும். கைப்பிடி இருந்தால் பிடியுங்கள், போனை அல்ல.

தாழ்வு 1 பாகை, 2 பாகை என்று பூச்சியத்துக்கு மேலே இருந்தாலும் முழுக்க நம்ப வேண்டாம். வெப்பநிலையைத் தரையில் வைத்து அளப்பதில்லை, ஆளின் நெஞ்சளவு உயரத்தில் அளக்கிறார்கள். காற்றும் முகிலும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, அந்த உயரத்தில் இருக்கும் காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடும். செயலி 2 பாகை என்னும்போது உங்கள் படி உறைந்திருக்கலாம். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் கூடுதல் கவனம். பாலத்துக்கு மேலால் போகிற வீதிகளும் அப்படித்தான், அடியிலும் குளிர் காற்று போவதால் முதலில் உறைவது அவைதான்.

மற்றவை சின்ன விஷயங்கள். 40 வீத மழை என்றால் நாளின் 40 வீத நேரம் மழை என்று பொருள் இல்லை. உங்கள் பகுதியில் நீங்கள் எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்தில் அளக்கக்கூடிய மழை விழ அவ்வளவு சாத்தியம் என்பதுதான். "ஏரிக்கு அருகில் வெப்பநிலை குறைவு" என்று எழுதியிருந்தால் அதை மதியுங்கள். ஒன்ராறியோ ஏரி வசந்தத்தில் இன்னும் ஐஸ் தண்ணீர்தான், வடக்கே மார்க்கம் நகரில் 18 பாகையில் ரீசேட்டோடு நிற்பவர் ஏரிக்கரையில் இருக்கும் புளவ்வர்ஸ் பார்க்குக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு திரும்புவார்.

கார் வைத்திருப்பவர்கள் குளிர்கால ரயரைக் கழற்ற அவசரப்படாதீர்கள், வெப்பநிலை 7 பாகைக்கு மேல் நிலைத்து நிற்க வேண்டும், ஒரு நாள் ஏறியது கணக்கில்லை. 2018 ஏப்ரல் 14, எங்கள் சித்திரைப் புத்தாண்டு அன்று, தென் ஒன்ராறியோவில் உறைமழையும் ஐஸ் மணியும் பலத்த காற்றும் சேர்ந்து தொடங்கி இரண்டு மூன்று நாள் நீடித்தன. மின்சாரம் போனது, வீதியெல்லாம் வழுக்கியது. இந்த நாட்டு நாட்காட்டியில் வசந்தம் பிறந்து மூன்று கிழமைக்கு மேல் ஆகியிருந்தது.

கத்தரி, மிளகாய், முருங்கை என்று கன்று வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வரும். யன்னல் ஓரம் சாடியில் முளைக்க வையுங்கள். மே 25க்கு முந்திய திங்கள், விக்டோரியா தினம், அது கழிந்த பிறகுதான் வெளியில் நடுவது என்று இங்கே பழகியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகும் உறைபனி எச்சரிக்கை வந்தால் இரவில் ஒரு பழைய படுக்கை விரிப்பால் கன்றுகளை மூடிவிட்டு, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.