எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை: காப்புறுதிப் பணம் கைநழுவிப் போகும் இடங்கள்

"உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம்" என்று வைத்தியர் சொன்னதும், காப்புறுதியும் கிடைத்துவிடும் என்று நம்பித் திகதி குறிப்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர். வைத்தியர் பார்ப்பது உடம்பை. காப்புறுதி நிறுவனம் பார்ப்பது ஒப்பந்தத்தை. இரண்டிலும் அளவுகோல் வேறு என்பது பில் கைக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

அளவுகோல் என்று இங்கே சொல்வது பெரும்பாலும் உடற்திணிவுச் சுட்டியை. கிலோகிராமில் எடையை எடுத்து, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது வரும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் சொன்ன கணக்கு: சுட்டி 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், நீரிழிவு போன்ற நோய் கூடவே இருந்தால் 35 போதும். 2022இல் இத்துறையின் அமெரிக்க, சர்வதேசச் சத்திரசிகிச்சை அமைப்புகள் அதைத் தளர்த்தின. 35 என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை நீரிழிவு முதலியன இருந்தால் ஆலோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே சத்திரசிகிச்சை ஒரு தெரிவாக இருக்கலாம். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வதும், குறைந்த எடையிலேயே சீனி வருத்தம் வந்துவிடுவதும்தான் காரணம். ஆகவே சுட்டி 33, மருந்துக்கு அடங்காத நீரிழிவு என்றிருக்கும் ஒருவரை வைத்தியர் "தகுதி" என்று சொல்வது சரிதான். அவருடைய காப்புறுதி ஒப்பந்தம் இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கலாம், அல்லது "உடற்பருமனுக்கான சிகிச்சை விலக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் கதவை மூடியிருக்கலாம்.

அந்த விலக்கு வரியைத் தேடிப் படிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "எல்லாம் கவராகும் அக்கா" என்று முகவர் சொன்ன வாய்வார்த்தைக்கு எந்த மதிப்பும் இல்லை. சத்திரசிகிச்சையின் முழுப் பெயரை எழுதி, இது என் ஒப்பந்தத்தில் அடங்குமா, அடங்கினால் உச்சத்தொகை எவ்வளவு, பின்னால் சிக்கல் வந்து மீண்டும் வார்ட்டில் சேர நேர்ந்தால் அதற்கும் பணம் உண்டா என்று நிறுவனத்திடமே கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேளுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விலக்கப்பட்ட சிகிச்சையால் வந்த சிக்கல் என்று சொல்லி அதையும் மறுக்க இடமுண்டு என்பதால், நான் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். வேலைத்தலம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்புறுதி என்றால் மனிதவளப் பிரிவிடமிருந்து முழு ஒப்பந்தத்தையே வாங்கிப் பாருங்கள். கையில் தரும் சிறு அட்டையில் விலக்குகள் இருக்காது.

இன்னொரு குழப்பம் தமிழ் வீடியோக்களால் வருகிறது. சென்னை வைத்தியர்கள் தெளிவாகப் பேசுகிறார்கள், நாமும் கேட்கிறோம். ஆனால் அவர்கள் காப்புறுதி பற்றிச் சொல்வது இந்தியச் சட்டம். இந்தியக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 வழிகாட்டல்படி, 18 வயது கடந்தவருக்குச் சுட்டி 40, அல்லது 35உடன் கடுமையான இருதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய், கட்டுப்படாத நீரிழிவு போன்றவை இருந்து, மற்ற வழிகள் பலிக்காதபோது, நிறுவனங்கள் இந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. கொழும்பில் எடுத்த ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. இங்கே உங்கள் கையிலுள்ள ஒப்பந்தம் சொல்வதே கணக்கு.

இனி, அளவெடுக்கும் இடம். 90 கிலோ எடை, 160 சென்றிமீற்றர் உயரம் என்றால் சுட்டி 35.2. அதே பெண்ணைச் செருப்போடு நிற்கவைத்து 163 என்று குறித்துவிட்டால் 33.9. மூன்று சென்றிமீற்றர் குதியில், 35 கேட்கும் ஒப்பந்தம் கைநழுவிவிடும். அவசரமான கிளினிக்கில் இது நடக்கக்கூடியது. செருப்பைக் கழற்றி, சுவரோடு குதிகாலை ஒட்டி நின்று, எழுதிய எண்ணைக் கேட்டுவிட்டு வாருங்கள். தாதி கோபித்தாலும் பரவாயில்லை.

சுட்டி சற்றுக் குறைவாக இருக்கிறதென்று வேண்டுமென்றே சாப்பிட்டு எடை ஏற்றுபவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எடை ஏற ஏற ஈரலில் கொழுப்புப் படிந்து அது வீங்குகிறது. இரைப்பையை எட்ட வைத்தியர் அந்த ஈரலைத்தான் ஒதுக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரங்களில் குறைந்த கலோரி உணவு தருவதே அதைச் சுருக்கத்தான். காகிதத்தில் ஓர் எண்ணுக்காகச் சத்திரசிகிச்சை மேசையில் ஆபத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

நோயை மறைத்துக் காப்புறுதி எடுப்பது அடுத்த குழி. முகவர் முன்மொழிவுப் படிவத்தை நிரப்புகிறார், "பிரஷர், சீனி ஏதும் இல்லைத்தானே?" என்று கேட்டபடியே "இல்லை" என்பதில் அடையாளமிடுகிறார், நாம் கையெழுத்து வைக்கிறோம். பிறகு கோரிக்கை போகும்போது, ஐந்து வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோர்மின் குடிப்பது கிளினிக் கொப்பியில் இருக்கிறது. முக்கியமான உண்மையை மறைத்தால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்க நிறுவனத்தால் முடியும். அப்போது போவது இந்தச் சிகிச்சைக்கான பணம் மட்டுமல்ல. முன்பே இருந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் ஒன்றை விதித்தாலும், உள்ளதைச் சொல்லி எடுப்பதே பாதுகாப்பு.

கோரிக்கையைத் தாங்குவது ஆவணம். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வைத்தியரைச் சனல் செய்து, சிட்டைகளைத் தொலைத்துவிட்டு, "எவ்வளவோ முயன்றேன்" என்று சொன்னால் எடுபடாது. எந்த மாதம் எந்த உணவுமுறை, என்ன மருந்து, எடை எவ்வளவு குறைந்து எவ்வளவு திரும்பியது என்று ஒரே கொப்பியில் திகதியோடு பதிவாகட்டும். மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி அறிக்கை, ஈரல் ஸ்கேன், தூக்கப் பரிசோதனை ஆகியவை அதோடு இருக்கட்டும். வைத்தியரின் கடிதமும் "எடை குறைக்க" என்று மட்டும் நிற்காமல், எந்த நோய்க்காக, ஏன் இப்போது என்று சொல்ல வேண்டும். அழகுக்கான சிகிச்சை என்று தள்ளிவிடுவதைத் தடுக்கக்கூடியது இதுதான். "வாயைக் கட்ட வக்கில்லை" என்று உறவுகள் சொல்லிச் சொல்லியே பல பெண்கள் தங்கள் நோயைக்கூட வைத்தியரிடம் முழுதாகச் சொல்வதில்லை. பருமன் ஒரு நோய். கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை.

உளவியல் ஆலோசனையைத் தவிர்க்காதீர்கள். அது உங்களைக் கழிப்பதற்கான பரீட்சை அன்று. புகைப்பதை நிறுத்துங்கள், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் அந்த இணைப்பில் புண் வரக்கூடும். நெஞ்செரிவு கடுமையாக இருந்தால் முன்பே சொல்லுங்கள், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறை அதை மோசமாக்கக்கூடும்.

தனியார் வைத்தியசாலை மட்டுமே வழி என்று எண்ணுவதும் தவறு. களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளிலும் இச்சத்திரசிகிச்சை நடக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் காப்புறுதி மறுத்ததும் நகையை அடகு வைப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய்க் கேளுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்தப் பிரிவின்கீழ் என்று குறிப்பிடச் சொல்லுங்கள், நிறுவனத்துக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் இருக்கின்றன. பணம் கிடைத்தாலும், ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டிய விற்றமின்கள், இரும்பு, கல்சியம், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கு வார்ட்டில் தங்குவதற்கான காப்புறுதி பெரும்பாலும் பணம் தராது. அந்த மாதச் செலவை இப்போதே வீட்டுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.